வானிலிருந்து மண்ணைக் கண்டவர்

பறவையைப் போல வானில் பறத்தல் வேண்டும் என்னும் வேட்கை மாந்தர் உள்ளத்தில் தொன்றுதொட்டே இருந்து வருவதாகும். அவ்வேட்கையை நிறைவேற்றிய வல்லுநர்களின் பெயர்களை நாம் அறிவோம். அமெரிக்க நாட்டு ரைட் உடன்பிறந்தார் 1903ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17ஆம் நாள் பொறி பூட்டிய வானூர்தியில் பறந்து காட்டினர். பிரெஞ்சு நாட்டினராகிய பிளேரியோ 1909ஆம் ஆண்டு ஆங்கிலக் கால்வாயை வான்வழியே கடந்தார். இவர்கள் புகழ் உலகெங்கும் பரவியுள்ளது.

ஆனால், இவர்களெல்லாம் பிறப்பதற்கு முன்பே, 'மாந்தன் ஒருநாள் வானில் தான் விரும்பிய திசையிற் பறந்தே தீருவான்' என்று ஊரறியப் பறைசாற்றிய ஒருவர் பிரெஞ்சு நாட்டில் வாழ்ந்தார். அவர் பொறியியல் வல்லுநர் அல்லர். வானூர்தி ஒன்றையும் செய்தாரல்லர். எழுதுகோலும் நிழற்படக் கருவியுமே அவர் கைக்கொண்ட கருவிகள். அவ்விரண்டினையும் துணையாகக் கொண்டு, வானூர்தலுக்காகத் தம் பொருளையும் உடல்நலத்தையும் ஈந்த அப்பெரியாரின் பெயர் நதார் என்பதாகும்.

இளமையும் இதழ்ப்பணியும்

நதார் என்பது அவருடைய இயற்பெயர் அன்று. பெற்றோர் இட்ட பெயர் கஸ்பார் பெலிக்ஸ் தூர்நஷோன் என்பது. அவர் 1820ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் பாரிஸ் மாநகரிற் பிறந்தார். தந்தையார் நூல்களை அச்சிட்டு விற்கும் தொழிலினர். அத்தொழில் நொடித்துப் போயிற்று. 1837ஆம் ஆண்டில் தந்தையாரும் மறைந்தார். லியோன் நகரில் மருத்துவம் பயிலத் தொடங்கியிருந்த இளைஞர், பொருளின்மையால் அக்கல்வியைக் கைவிட நேர்ந்தது. வயிற்றுப் பிழைப்பிற்காகச் செய்தித்தாள்களுக்கு எழுதத் தொடங்கினார்.

பின்னர்ப் பாரிஸ் திரும்பி, எழுத்தாளரும் ஓவியரும் கூடும் இடங்களில் பழகினார். அவ்விளைஞர் கூட்டத்தினர் விளையாட்டாகச் சொற்களின் இறுதியில் 'தார்' என்னும் ஒலியைச் சேர்த்துப் பேசுவது வழக்கம். தூர்நஷோன் என்னும் பெயரும் அவ்வாறே 'தூர்நதார்' என்றாகி, நாளடைவில் 'நதார்' எனச் சுருங்கிற்று. விளையாட்டாக வந்த பெயரே வரலாற்றில் நிலைத்துவிட்டது.

நதார் கட்டுரை எழுதியதோடு அமையாது, கேலிச்சித்திரங்களும் வரைந்தார். அக்காலத்துப் பிரெஞ்சு நாட்டின் புகழ்பெற்ற நகைச்சுவை இதழ்களில் அவருடைய சித்திரங்கள் வெளிவந்தன. 1854ஆம் ஆண்டில், அந்நாட்டு எழுத்தாளர் ஏறத்தாழ 250 பேரை ஒரே தாளில் ஊர்வலமாகச் செல்வதுபோல் வரைந்து வெளியிட்டார். அப்படம் அவருக்குப் பெரும்பெயர் ஈட்டித் தந்தது.

நிழற்படக் கலைஞர்

அந்நாளில் நிழற்படக் கலை மிக இளமையான கலையாக இருந்தது. அதனை நதார் விரைவிற் கற்றுத் தேர்ந்தார். பிற கலைஞர்கள் பொய்த்தூண்களையும் திரைச்சீலைகளையும் நிறுத்தி, அவற்றின் நடுவே மக்களை அமர்த்திப் படம் எடுத்தனர். நதாரோ அவ்வணிகளை வேண்டாவென விலக்கினார். வெறும் பின்புலம், ஒருபுறமிருந்து வீசும் ஒளி, முகத்தில் தோன்றும் உள்ளக் குறிப்பு ஆகிய இவையே அவர் வேண்டியவை. ஆதலின், கவிஞர் பொதலேர், நாவலாசிரியை ஜார்ஜ் சாந்த், நடிகை சாரா பெர்னார் முதலியோரின் முகங்களை இன்றும் நாம் உயிரோடு காண்பதுபோற் காண முடிகின்றது.

மாந்தர் கண்ணுக்கு எட்டாத இடங்களையும் படமாக்கிக் காட்டல் வேண்டும் என்பது அவருடைய வேட்கை. பாரிஸ் நகரின் அடியில், பல தலைமுறைகளின் எலும்புகள் அடுக்கப்பெற்ற சுரங்கங்கள் உள்ளன. ஞாயிற்றின் ஒளி புகாத அவ்விடங்களில், மின்கலங்களால் எழுப்பிய செயற்கை ஒளியின் துணைகொண்டு 1860களின் தொடக்கத்தில் அவர் படம் எடுத்தார். ஒரு படத்திற்கு 18 நிமிடம் வரையிலும் ஒளி காட்ட வேண்டியிருந்தது. அத்துணை நேரம் அசையாது நிற்றல் யார்க்கும் இயலாது. ஆகவே, வேலையாட்களுக்கு மாறாகத் துணிபோர்த்த உருவங்களை நிறுத்திப் படம் எடுத்தார். மண்ணின் அடியிற் புகுந்த இவர், அதற்கு முன்னரே வானின்மீதும் ஏறியிருந்தார். அதனை இனிக் காண்போம்.

வானில் ஓர் இருட்டறை

பாரிஸ் மக்களுக்குப் பலூன் புதிதன்று. 1783ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 21ஆம் நாள், மாந்தர் இருவர் முதன்முதலாகக் கட்டுக்கயிறு இன்றிப் பலூனில் வான்வழிச் சென்றது அந்நகரிலேயாம். அந்நாள் முதல் பலூன் ஏறுதல் ஒரு வேடிக்கையாகவும் விழாவாகவும் நடைபெற்று வந்தது. அவ்வேடிக்கையினின்று பயன் ஒன்றைப் பெறல் கூடும் என்பதை நதார் உணர்ந்தார். மேலிருந்து நிலத்தைப் படம் எடுத்தால், நிலஅளவையாளர் பன்னாள் நடந்து வரையும் வரைபடத்தைச் சில நொடிகளிற் பெறலாம் அன்றோ? இக்கருத்தை 1858ஆம் ஆண்டிலேயே அரசாங்கத்திற் பதிந்து உரிமைப் பட்டயமும் பெற்றார்.

கருத்து எளிது, செயலோ அரிது. அக்காலத்தில் இக்காலத்தைப் போன்ற படச்சுருள் இல்லை. கண்ணாடித் தகட்டின்மீது பசைபோன்ற நீர்மத்தைப் பூசி, வெள்ளியுப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன்னரே படம் எடுத்து, உடனே அதனை உருத்துலக்குதல் வேண்டும். அத்தனையும் ஒளிபுகாத இருட்டறையிற் செய்தற்குரியன. ஆகவே, பலூனின் கூடையினுள்ளேயே துணியால் ஓர் இருட்டறை அமைத்துக்கொண்டு நதார் வானில் ஏறினார்.

ஏறிய முறைகள் பல. கிட்டிய படம் ஒன்றுமில்லை. தகடுகள் கரிய புகை படிந்தாற்போல் வெறிதே திரும்பின. தகட்டை மாற்றினார், கரைசலை மாற்றினார், கலங்களைக் கழுவித் தூய்மை செய்தார். எதுவும் பயன் தரவில்லை. இறுதியில், பழுதுக்குக் காரணம் நிழற்படக் கருவியிலன்று, பலூனிலேயே உள்ளது என்பது தெளிவாயிற்று. பலூன் மேலே ஏறுங்கால் உள்ளிருக்கும் வாயு விரிந்து, அடிவாய் வழியே வெளிப்படும். அவ்வாயுவிற் கலந்திருந்த கந்தகப் பொருள் தகட்டிலிருந்த வெள்ளியுப்பைத் தாக்கிக் கெடுத்து வந்தது!

பாரிஸை அடுத்த பெத்தி பிசேத்ர் என்னும் சிற்றூரில், பலூனின் வாயை மூடிவைத்து, மீண்டும் ஒருமுறை முயன்றார். குளிரால் வாயு சுருங்கியிருந்தமையின் பலூன் எழுவதே அரிதாயிற்று. வேண்டாத பொருள்களையெல்லாம் இறக்கினார். கயிற்றாற் கட்டுண்ட பலூன் ஏறத்தாழ 80 மீட்டர் உயரம் எழுந்தது. அங்கிருந்தே படம் எடுத்து இறங்கினார். தகட்டில் மங்கலாக, ஆயினும் ஐயமின்றி, ஒரு படம் தோன்றிற்று. கீழிருந்த சில வீடுகளும், அவற்றின் கூரை ஓடுகளும், சாலையில் நின்றிருந்த வண்டியும் அதிற் காணப்பட்டன என அவரே பிற்காலத்தில் எழுதியுள்ளார். வானிலிருந்து மாந்தன் எடுத்த முதல் நிழற்படம் அதுவே என்பர். அப்படம் இன்று கிடைக்கவில்லை. இன்று கிடைப்பனவற்றுள் மிகப் பழையது, 1860ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரின்மீது ஜேம்ஸ் வாலஸ் பிளாக் என்பார் எடுத்த படமாகும். இன்று செயற்கைக் கோள்கள் புயலையும் வெள்ளத்தையும் படம்பிடித்து அனுப்புகின்றன. அக்கலையின் முதற்படி, மங்கலான அக்கண்ணாடித் தகடேயாகும்.

காற்றினும் கனத்த ஊர்தி

பலூனிற் பன்முறை ஏறிப் பழகிய நதார், அதன் குறையையும் நன்கு அறிந்தார். பலூன் மேலே ஏறும், கீழே இறங்கும், ஆனால், செல்லுந்திசையைத் தெரிந்துகொள்ளும் உரிமை அதற்கு இல்லை. காற்று இழுத்த வழியே செல்வது அதன் இயல்பு. காற்றினும் மெலிந்த பொருள் காற்றுக்கு அடிமையாதல் இயற்கையன்றோ? பறவையை நோக்கினார். பறவை காற்றினும் கனத்தது. ஆயினும், காற்றை எதிர்த்து விரும்பிய திசையிற் பறக்கின்றது. எனவே, வானத்தை வெல்ல வேண்டுமாயின் காற்றினும் கனத்த ஊர்தியே வேண்டும் என்று நதார் துணிந்தார்.

இக்கருத்தைக் கொண்ட இருவர் அவரை நாடி வந்தனர். ஒருவர் பொந்தோன் தமேகூர். மற்றவர் லா லாந்தேல். சுழலும் திருகு இறக்கைகளைக் கடிகார வில்லின் விசையால் இயக்கி மேலெழும்பும் சிறு பொம்மைகளை அவர்கள் செய்திருந்தனர். இன்று உலகெங்கும் வழங்கும் 'ஹெலிகாப்டர்' என்னும் சொல்லைப் படைத்தவர் பொந்தோன் தமேகூரே. வானூர்தலைக் குறிக்கும் 'ஏவியேஷன்' என்னும் சொல்லைப் படைத்தவர் லா லாந்தேல் ஆவார்.

1863ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள், நதார் தம் நிழற்பட நிலையத்தில் அறிஞர்களையும் இதழாளர்களையும் கூட்டினார். காற்றினும் கனத்த ஊர்தியே வானத்தை ஆளும் என்னும் அறிக்கையைப் படித்தார். வில்லாற் சுழலும் பொம்மைகளைப் பறக்கவிட்டுக் காட்டினார். அக்கொள்கையைப் பரப்புதற்கென ஒரு கழகம் தோன்றிற்று. அறிவியற் புதினங்களால் உலகப்புகழ் எய்திய ஜூல் வேர்னும் அதன் பணிகளிற் பங்கு கொண்டார். வானூர்தலுக்கென்றே 'வானோடி' என்னும் பொருள்படும் 'லேரோநோத்' என்ற இதழையும் நதார் அவ்வாண்டிலேயே தொடங்கினார். வானூர்தி என ஒன்று இல்லாத காலத்தில் வானூர்திக்கு ஓர் இதழ்! கண்டவர் சிலர் நகைத்தனர். நகைச்சுவை இதழில் வளர்ந்த நதாருக்கு நகைப்பைத் தாங்குதல் அரிதன்று.

மாபெரும் பலூன்

ஆராய்ச்சி நடைபெறப் பொருள் வேண்டும். அதனைத் திரட்ட நதார் ஒரு வழி கண்டார். உலகம் அதுகாறும் கண்டிராத பெரும்பலூன் ஒன்றைப் பறக்கவிட்டு, காண வருவோரிடம் பெறும் கட்டணத்தைக் காற்றினும் கனத்த ஊர்தியின் ஆராய்ச்சிக்கு அளித்தல் வேண்டும் என்பது அவர் திட்டம். பலூனின் காலத்தை முடிப்பதற்குப் பலூனையே கருவியாகக் கொண்டார் என்க.

'அசுரன்' என்னும் பொருள்படும் 'லெ ழேயான்' என்பது அப்பலூனின் பெயர். அது 6,000 கனமீட்டர் வாயுவைக் கொள்ளத்தக்கது. அதன் கூடை, பிரம்பினால் முடையப்பெற்ற ஈரடுக்கு வீடு போன்றது. 1863ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 4ஆம் நாள், பாரிஸ் நகரத்துப் பெருந்திடலில் திரளான மக்கள் காண அது மேலெழுந்தது. ஆயினும், நெடுந்தொலைவு செல்லாது, அன்றிரவே மோ என்னும் ஊருக்கு அருகில் இறங்கிவிட்டது.

அத்திங்கள் 18ஆம் நாள் இரண்டாம் பயணம் தொடங்கிற்று. நதாரும் அவர்தம் மனைவியார் எர்னஸ்தீனும் உள்ளிட்ட 9 பேர் ஏறினர். இரவு முழுதும் பலூன் பறந்தது. பெல்ஜிய நாட்டைக் கடந்தது. பொழுது விடிந்தபின் ஜெர்மானியப் பகுதியாகிய ஹனோவர் நாட்டை எய்தியது. ஏறத்தாழ 400 மைல் தொலைவு கடந்தாயிற்று. அங்கு இறங்க முற்பட்டபொழுது கடுங்காற்று வீசிற்று. நங்கூரங்கள் நிலைகொள்ளாது அறுந்தன. அப்பேருருவம் தரையில் மோதுவதும் எழுவதுமாய், கூடையை வயல்களின்மீதும் மரங்களின்மீதும் பல மைல் தொலைவு இழுத்துச் சென்றது. இருப்புப்பாதை ஒன்றின் குறுக்கே அது பாயவும், எதிரே புகைவண்டி வந்துகொண்டிருந்தது. வண்டியோட்டி கண்டு நிறுத்தியமையால் பேரிழப்பு தவிர்ந்தது. இறுதியில் மரங்களிடையே சிக்கிப் பலூன் கிழிந்து நின்றது. உயிரிழந்தார் ஒருவருமிலர், ஆயினும், நதாரின் கால் முறிந்தது, மனைவியாரும் கடுங்காயமுற்றார்.

இந்நிகழ்ச்சியை அவர் மறைத்தாரல்லர். 1864ஆம் ஆண்டில் அப்பலூனின் வரலாற்றை நூலாகவே எழுதி வெளியிட்டார். காற்றுக்கு அடிமைப்பட்ட ஊர்தியால் விளையும் இடர் இன்னது என்பதற்கு, முறிந்த தம் காலினும் சிறந்த சான்று வேறில்லையன்றோ? மறு ஆண்டில், பறத்தல் மாந்தனின் உரிமை என வாதிட்டு மற்றொரு நூலும் எழுதினார். அவ்வாண்டிலேயே வெளிவந்த நிலவுப் பயணப் புதினத்தில், நதார் என்னும் பெயரின் எழுத்துகளை முன்பின்னாக மாற்றி, 'அர்தான்' என்னும் துணிவு மிக்க வீரனை ஜூல் வேர்ன் படைத்தார். 1864ஆம் ஆண்டு பெல்ஜியத் தலைநகராகிய பிரஸ்ஸெல்சில் அப்பலூன் ஏறியபொழுது, மக்கள் நெருங்கி வாராவண்ணம் தடுப்புகள் அமைக்கப்பெற்றன. அத்தகைய தடுப்புகளை அந்நாட்டார் இன்றும் 'நதார்' என்றே வழங்குகின்றனர்.

பெயர் பரவியது, பொருளோ சேரவில்லை. பலூனின் செலவு அதன் வரவை விஞ்சிற்று. ஆராய்ச்சிக்குப் பொருள் தேடப் புறப்பட்டவர் தாமே கடனாளியானார்.

முற்றுகையில் ஒரு தொண்டு

1870ஆம் ஆண்டு பிரெஞ்சு நாட்டிற்கும் பிரஷிய நாட்டிற்கும் போர் மூண்டது. செப்டம்பர்த் திங்களில் பிரஷியப் படை பாரிஸ் நகரை முற்றும் வளைத்துக்கொண்டது. தந்தி அறுந்தது, அஞ்சல் நின்றது. அவ்வேளையில் நதார், தோழர் சிலரோடு மோன்மார்த்துக் குன்றின்மேல் பலூன் நிலையம் ஒன்றை அமைத்தார். செப்டம்பர் 23ஆம் நாள் தூருவோப் என்னும் வானோடி, 125 கிலோகிராம் எடையுள்ள கடிதங்களுடன் அங்கிருந்து புறப்பட்டு, பகைவர் தலைக்குமேற் பறந்து, நலமே சென்று இறங்கினார். அவரைப் பின்பற்றி, முற்றுகை முடிவதற்குள் 60க்கும் மேற்பட்ட பலூன்கள் நகரைவிட்டுப் பறந்தன. அவை 20 இலட்சத்துக்கும் மிகுதியான கடிதங்களைச் சுமந்து சென்றன. உள்நாட்டு அமைச்சராகிய கம்பெத்தாவும் அக்டோபர் 7ஆம் நாள் பலூனிலேயே வெளியேறினார்.

மாணவர்களே! இங்கு ஒன்று கருதத்தக்கது. நகரினின்று பலூனில் வெளியேறுதல் கூடிற்று; காற்று எத்திசையில் வீசினும் பகைவர் வளையத்தைக் கடந்தால் போதும். நகருக்குத் திரும்பி வருதலோ கூடவில்லை; அதற்குக் காற்று ஒரே திசையில் வீசுதல் வேண்டும். ஆகவே, மறுமொழிகள் புறாக்களின் வாயிலாகவே வந்தன. ஆயிரக்கணக்கான செய்திகளை நிழற்படக் கலையால் மிக நுண்ணிதாகச் சுருக்கி, புறாவின் இறகிற் கட்டி அனுப்பினர். பலூன் செய்யமாட்டாததைப் பறவை செய்தது. நதார் ஏழாண்டுகட்கு முன் கூறிய உண்மை, பாரிஸ் மக்கள் அனைவர்க்கும் கண்கூடாயிற்று. தாம் குறைகூறிய பலூனை நாட்டின் இடுக்கண் தீர்க்கத் தயங்காது பயன்படுத்திய பெருந்தன்மையும் போற்றத்தக்கதே.

முதுமையிற் கண்ட பயன்

போருக்குப்பின் நதார் பழைய வளத்தை எய்தவில்லை. ஆயினும் ஊக்கம் குன்றாதிருந்தார். பிற ஓவியர்கள் ஏற்க மறுத்த இளம் ஓவியர்கள் 1874ஆம் ஆண்டில் தம் முதற் கண்காட்சியை நடத்தியது, அவர் முன்னர்த் தொழில் நடத்திய இடத்திலேயாம். மோனே, ரெனுவார் முதலிய அவ்வோவியர்களை இன்று உலகம் போற்றுகின்றது. 1886ஆம் ஆண்டில், 100 வயது நிரம்பிய வேதியியல் அறிஞர் செவ்ரேலுடன் நதார் உரையாட, அவர் மகன் போல் அவ்வறிஞரைப் பல நிலைகளிற் படம் எடுத்தார். படத்தின் கீழ் அவ்வறிஞர் கூறிய சொற்களை அச்சிட்டு இதழில் வெளியிட்டனர். படத்துடன் கூடிய நேர்காணல் என்னும் இக்கால இதழ்முறைக்கு அதுவே முன்னோடி. அவ்வுரையாடலிலும் வானூர்தலைப் பற்றிய பேச்சு இடம்பெறாமற் போகவில்லை.

நதார் கூறியன யாவும் அவ்வாறே நிகழ்ந்தன எனல் பொருந்தாது. பலூனைத் திசைப்படுத்தவே இயலாது என அவர் எண்ணினார். ஆனால், 1884ஆம் ஆண்டில் மின்பொறி பூட்டிய ஒரு நீள்பலூன், புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வந்து காட்டிற்று. வில்லாற் சுழலும் திருகு இறக்கை மாந்தனைச் சுமக்கும் என எதிர்பார்த்தார். ஆனால், அசையாத இறக்கையும் எண்ணெயால் இயங்கும் பொறியும் கொண்ட ஊர்தியே முதலில் மாந்தனைச் சுமந்தது. திருகு இறக்கை ஊர்தி அதன்பின் பல ஆண்டுகள் கழித்தே பயன்பாட்டிற்கு வந்தது. வழியைப் பற்றி அவர் எண்ணம் சிறிது பிழைத்ததாயினும், சேருமிடத்தைப் பற்றி அவர் உறுதி பிழைக்கவில்லை.

1909ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25ஆம் நாள் பிளேரியோ, காற்றினும் கனத்த ஊர்தியில் ஏறி, 40 நிமிடத்திற்குட்பட்ட நேரத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து டோவரில் இறங்கினார். அப்பொழுது நதாருக்கு அகவை 89. ஹனோவர் வயல்களில் உடன் இழுபட்டு இடருற்ற மனைவியார், அவ்வாண்டின் தொடக்கத்திலேயே மறைந்துவிட்டிருந்தார். முதியவர் பிளேரியோவுக்குத் தந்தி ஒன்று விடுத்தார். காற்றினும் கனத்த ஊர்தியை நம்பியிருந்த பழங்கால மனிதன் ஒருவன், மண்ணுக்குட் செல்லுமுன் இம்மகிழ்ச்சியை எய்தியமைக்கு நன்றி கூறுகின்றான் என்பது அத்தந்தியின் கருத்து. அவர் கூட்டிய கூட்டம் நிகழ்ந்து அன்று 46 ஆண்டுகள் ஆகியிருந்தன. அடுத்த ஆண்டு, 1910 மார்ச்சுத் திங்களில், நதார் இவ்வுலகை நீத்தார்.

புதிய உண்மை ஒன்று உலகில் நிலைபெறுதற்குக் கண்டுபிடிப்போர் மட்டும் போதார். அதனை மக்கள் உள்ளத்திற் பதியவைப்போரும் வேண்டும். நகைப்புக்கும் இழப்புக்கும் அஞ்சாது, கண்டதைக் கண்டவாறே எழுதியும் படம்பிடித்தும் காட்டுவோர், பயிருக்கு முன்னர் நிலத்தைப் பண்படுத்தும் உழவரை ஒப்பர். விளைவை அறுப்பவர் வேறாகலாம். உழுதவர் உழைப்பு அவ்விளைவில் இல்லாமற் போவதில்லை. நதார் உழுதார், விளைவையும் தம் கண்ணாற் கண்டு மகிழ்ந்தார். நாம் மேற்கொள்ளும் நற்பணியின் பயன் நம் காலத்திலேயே கைகூடினும், கூடாதொழியினும், அதனைச் செய்யும் உறுதி தளராதிருத்தல் வேண்டும் என்பதே அவர் வாழ்வு நமக்குக் காட்டும் நெறியாகும்.